ஒரு கட்டை இல்லாத தடம்

மக்களே,

நீ காரணம் கேட்டாய். நேற்று உன் அம்மா போனில் "கல்லாத்து வேலைய விட்டுட்டு வந்திரு மக்களே, அப்பா சொல்லுகாங்க" என்றபோது, நீ சிரித்ததும் கேட்டது, சொன்னதும் கேட்டது. "அப்பாவுக்கு வேண்டாம்னா எனக்கும் வேண்டாமா? காரணத்தை எழுதித் தரட்டும். அப்போ நோக்காம்." பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே கோபம் வந்தால் உனக்கு மலையாளம்தான் வரும். அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பதினொரு வருடமாக அவளுக்கும் நான் காரணம் சொன்னதில்லை. இன்று ஞாயிறு, மெஷின் நிற்கும் நாள். நாளைக் காலை எட்டு மணிக்கு நீ மண் தோண்டும் அந்த மினி எக்ஸ்கவேட்டரைச் சரிவில் ஏற்றப்போகிறாய். அதற்குள் இந்தக் கடிதத்தை அம்மா முதல் பஸ்ஸில் உன் கையில் கொண்டுவந்து தருவாள். நான் வர முடியாது. விதுரா தாண்டி ஆற்றுச் சத்தம் கேட்டதும் என் கால் நடக்காது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் திரும்ப எடுத்துப் படிக்கலாம்.

நீ அனுப்பிய போட்டோவிலிருந்துதான் எல்லாம். அதை நீ அம்மாவுக்குத்தான் அனுப்பினாய், எனக்கு அனுப்பவில்லை. சரி, பரவாயில்லை. "பாருங்க, எப்படி மெலிஞ்சிட்டான்" என்று அவள் போனை என் முன்னால் நீட்டினாள். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, உன் காலடியைப் பார்த்தேன். மழை பெய்து ஊறிய செம்மண். மினி ஏறிப்போன தடம் இரண்டு வரியாகத் தெளிவாக விழுந்திருக்கிறது. சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரப்பர் பெல்ட்டின் வெளிப்புறத்தில் வரிசையாகப் புடைத்து நிற்கிற கட்டைகள் மண்ணில் அழுந்தினால் ஏணிப்படி போலத் தடம் விழும் என்பது உனக்குத் தெரியும். வலது வரியில் எல்லாப் படியும் இருக்கிறது. இடது வரியில், உன் செருப்புக்குப் பக்கத்தில், ஒரு படி இல்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கிருந்து ஆறு காலடி நடை பின்னால் இன்னொரு படி இல்லை. பெல்ட் ஒரு சுற்றுச் சுற்றி வர ஆறு நடை ஆகும். அதாவது அது ஒரே கட்டை. அதன் இடம் ஒவ்வொரு சுற்றிலும் காலியாக வருகிறது.

நீ புறப்பட்ட அன்று காலை நேமத்து ஷெட்டில் நான் மினியைச் சுற்றி வந்ததைப் பார்த்து, "அப்பா என்ன பிரதட்சிணமா?" என்று கிண்டல் செய்தாய். நான் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு பெல்ட்டிலும் ஒன்றுகூடக் குறையவில்லை.

உன்னிடம் நான் பெல்ட்டைப் பற்றிப் பேசினாலே நீ காதில் இயர்போன் மாட்டுவாய். இப்போது எழுத்தில் மாட்டிக்கொண்டாய், படி. நின்ற இடத்தில் வண்டியைச் சுழற்றாதே. இரண்டு லீவரையும் எதிரெதிராகத் தள்ளினால் வண்டி பம்பரம் போலத் திரும்பும், பார்க்க அழகாக இருக்கும், அடியில் பெல்ட் மண்ணைத் தின்று மண் பெல்ட்டைத் தின்னும். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று மூன்று நாலு தடவையாக அகலமாகத் திருப்பு. சரிவில் நேராக ஏறு, நேராக இறங்கு, குறுக்கே போகாதே, குறுக்கே போகும்போது திருப்பவே திருப்பாதே. இடித்த வீட்டு மனையில் இறங்குவதற்கு முன்னால் நடந்து பார். கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி முனை போதும், உள்ளே ஓடும் எஃகுக் கம்பி வரை கிழித்துவிடும். அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் போகும், உள்ளே துரு பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மதில் ஓரம், நடைபாதை விளிம்பு எதிலும் பெல்ட்டின் ஓரத்தை உரசாதே. வேலை முடிந்ததும் உருளைகளுக்கு நடுவே இறுகிய மண்ணைத் தோண்டி எடு. வண்டியைத் தூக்கி நிறுத்தி பெல்ட்டின் தொய்வைப் பார், கையேட்டில் போட்ட அளவுக்கு மேல் தொங்கினால் கிரீஸ் அடித்து இறுக்கு. தொங்கும் பெல்ட் சரிவில் கழன்றுவிடும். இதெல்லாம் எந்த ஆபரேட்டரும் சொல்வான். இனி எழுதப்போவதை என்னைத் தவிர யாரும் உனக்குச் சொல்ல முடியாது.

உன் பெரியப்பா பத்தாம் வகுப்புத் தேறாதவர். நான் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. பதினேழு வருடம், பாரலல் காலேஜ் என்று பெயர் வைத்த ஒரு டுட்டோரியலில் பாடம் எடுத்தேன். அதை மூடியபோது எனக்கு நாற்பது வயது. அண்ணன் அப்போது மினி வாங்கி, கரமனையிலிருந்து பாறசாலை வரை குறுகிய சந்து வீடுகளுக்கெல்லாம் வேலை செய்துகொண்டிருந்தார். "சும்மா இருக்காதலே, எங்கூட வா" என்றார். ஊர் அதைப் பெருந்தன்மை என்றது. நான் மினிக்கு முன்னால் நின்று கை காட்டும் ஆளானேன். "இடத்தே, இடத்தே, மதி" என்று, இடது பக்கம் திருப்பு, போதும் என்று, கத்துகிற வேலைக்கு எம்.எஸ்ஸி. தேவையில்லை. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. சைட்டில் கொத்தனார், சித்தாள், வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் "வாத்தியாரே"தான். நல்ல மனிதர் என்று நீ சொல்வாய். உன்னை மடியில் உட்கார வைத்து லீவரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். உனக்கு நல்லவர்தான். நான் மறுக்கவில்லை.

விழிஞ்ஞத்தில் கடலோரம் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினோம். நாலு நாள் உப்பு மணலிலும் பாறையிலும் வேலை. இடது பெல்ட்டில் ஒரு கட்டை பாறை விளிம்பில் மாட்டி வேரோடு பிய்ந்து போனது. பிய்ந்த இடத்தில் எஃகுக் கம்பி நரம்பு மாதிரி பளபளவென்று தெரிந்தது. "அண்ணே, உப்பு உள்ள போகும். நல்ல தண்ணி விட்டு அலசி, அந்த எடத்தை ஒட்ட வச்சிட்டு அப்புறம் ஏத்தலாம்" என்றேன். அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "கேட்டியளா? வாத்தியாருக்கு ரப்பருக்கு வலிக்கிறது தெரியுது." அலசக் கொண்டுவந்த வாளித் தண்ணீரை அப்படியே என் தலையில் கவிழ்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுத்தான். என் சட்டைப்பையில் பாரலல் காலேஜில் போட்டுக்கொண்டிருந்த பேனா இருந்தது, மை கரைந்து நெஞ்சில் இறங்கியது. இனி இவரிடம் எனக்குத் தெரிந்த எதையும் சொல்வதில்லை என்று அன்று முடிவு செய்தேன். அந்த முடிவில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வாரம் பூஜைவைப்பு வந்தது. அஷ்டமியன்று ஆயுதத்தைப் பூஜைக்கு வைத்தால் விஜயதசமியில் எடுக்கும் வரை கை வைக்கக் கூடாது. அதற்கு முன்னால் மினியைக் குளிப்பாட்டுவது அண்ணனுக்குத் திருவிழா. மண் தோண்டும் பூம் கையில் மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, பெல்ட்டுக்கு அடியில் எலுமிச்சை. பெல்ட் புதுசு மாதிரி கருகருவென்று மின்ன வேண்டும் என்பதற்காக டீசலும் பழைய என்ஜின் ஆயிலும் கலந்து பழந்துணியில் முக்கி ஒவ்வொரு கட்டையாகத் தேய்ப்பார். வருடா வருடம் அதைச் செய்தார். டீசல் ரப்பருக்குள் இறங்கும். ரப்பர் ஊதும், இளகும், உள்ளே கம்பியோடு இருந்த பிடியை விடும். தேய்த்துவிட்டு அன்றே கழுவினாலாவது கொஞ்சம் தப்பும். பூஜைக்கு வைத்ததைத் தொடக் கூடாதே. அதனால் அது ஊறிக்கொண்டே நிற்கும். சாமி முன்னால், ஊதுபத்திப் புகையில், யாரும் தொடாமல், பெல்ட் செத்துக்கொண்டிருக்கும். நம்மைப் போன்றவர்களைத் தவிர வேறு யாரும் தங்கள் மெஷினை இத்தனை பக்தியோடு கொல்ல மாட்டார்கள்.

இதுவரை யாராவது கேட்டால், நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்றுதான் என் மனதுக்குள் பதில் வைத்திருந்தேன். அது பொய். அந்த வருடம் அவர் கேட்டார். துணியோடு இடது பெல்ட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர், கட்டை பிய்ந்த இடத்துக்கு வந்ததும் கையை நிறுத்தினார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முதல் தடவையாக என் பெயரைச் சொன்னார். "நீதானே படிச்சவன். இந்தப் புண்ணுமேல டீசல் போடலாமா? கெடுதல் உண்டுமா?" கிண்டல் இல்லை. விழிஞ்ஞத்தில் செய்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்கிற விதமாக அது இருந்திருக்கலாம். நான் சொன்னேன்: "போடுங்க அண்ணே. நல்லா மினுங்கும்."

பூஜை எடுத்த பத்தாம் நாள் கல்லாற்றில் வேலை. ஆற்றுக்கு மேலே ஒரு சரிவை வெட்டி, காட்டேஜ் கட்டத் தளம் எடுக்க வேண்டும். ஐப்பசியில் பெய்யும் துலாமழை நின்று வெயில் அடித்த பகல் அது. நான் மேல் பக்கம் நின்று கை காட்டிக்கொண்டிருந்தேன். என் காலுக்கு முன்னாலேயே மினி கடந்துபோனது. ஈர மண்ணில் தடம் விழுந்தது. படி, படி, படி, ஒன்று இல்லை. ஆறு நடை. ஒன்று இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நான் "வரலாம்" என்று கை காட்டினேன். சரிவின் நடுவில் அவர் குறுக்கே திருப்பினார். ஈரத்துணியை உதறினால் வருகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இடது பெல்ட் சக்கரத்தை விட்டுக் கழன்று தரையில் நீளமாகக் கிடந்தது. மினி அவசரமே இல்லாமல் பக்கவாட்டில் வழுக்கியது. அவர் லீவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மினி ஆற்றுப் பாறையில் போய்க் கவிழ்ந்தது. அன்று மாலைக்குள் அவரை எடுத்துவிட்டார்கள். மறுநாள் மினியையும் எடுத்தார்கள். இடது பெல்ட் கிடைக்கவே இல்லை. அதுவும் சரிந்து ஆற்றோடு போயிருக்கும் என்றார்கள்.

மறுநாள் காலை, கிரேன் வருவதற்கு முன்னால், நான் தனியாக அந்தச் சரிவில் நின்றேன். மழை கழுவிய மண். முந்தின நாள் தடம் ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீர் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒரு தடம் ஏறி வந்திருந்தது. ஒரே வரி. வலது இல்லை, இடது மட்டும். ஏணிப்படி போல ஒழுங்காக, ஆறு நடைக்கு ஒரு படி இல்லாமல். முந்தின நாள் நான் நின்று கை காட்டிய இடத்துக்கு வந்து அது நின்றிருந்தது. கிரேன்காரர் வந்து, "என்ன சாரே, எந்தெங்கிலும் போயோ?" என்று எதையோ தொலைத்தவனிடம் கேட்பது போலக் கேட்டார். அவர் அந்த வரியை மிதித்துக்கொண்டுதான் நின்றார்.

உன் பெரியம்மா மினியை என்னிடம் தந்தாள். இரண்டு புது பெல்ட் போட்டேன். அதிலிருந்து பதினொரு வருடத்தில் அந்தத் தடத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். முதலில் நேமத்து ஷெட் வாசலில். இறங்கிக் கட்டைகளை எண்ணினேன், குறைவில்லை. இறங்கியதால்தான் கிரீஸ் கசிந்து பெல்ட் தொய்ந்திருப்பது கண்ணில் பட்டது. இரண்டாவது, கரமனையில் ஒரு பழைய வீட்டு மனையில். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு படி இல்லை. வண்டியை நிறுத்தினேன். வீட்டுக்காரர், "சாரே, தைரியமாயிட்டு போ. இவிடெ கிணறொந்நும் இல்ல" என்றார். கிணறு என்று நான் கேட்கவே இல்லை. கம்பியால் குத்திப் பார்த்தேன். மூன்றடி முன்னால் பலகை போட்டு மூடி மேலே மண் நிரப்பிய கிணறு இருந்தது. அங்கே கிணறு இருந்தது அவருக்கே தெரியாது, அந்த வார்த்தை தன் வாயில் எப்படி வந்தது என்று அவர் முகம் வெளுத்துவிட்டது. மூன்றாவது, நெய்யாற்றின்கரையில். அங்கே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. வண்டியை அணைத்துவிட்டு வேலையை விட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு, நான் தோண்ட இருந்த இடத்துக்குப் பக்கத்து மதில் யார் மேலும் விழாமல் தானாக விழுந்தது என்று கேள்விப்பட்டேன்.

இதைச் சொன்னால், அண்ணன் காவல் இருக்கிறார் என்று உன் அம்மா சொல்வாள். அதனால்தான் அவளிடம் சொல்லவில்லை. நான் அவரோடு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவன், அவரை எனக்குத் தெரியும். நான் சொல்லாததை அவர் சொல்லிக் காட்டுகிறார். "பார்த்தியாலே வாத்தியாரே, தெரிஞ்சவன் இப்படித்தான் சொல்லணும்" என்று ஒவ்வொரு தடவையும் என்னை மாணவன் மாதிரி நிற்க வைக்கிறார். செத்த பிறகும் சைட்டில் நாலு பேர் முன்னால் என்னை அவமானப்படுத்துகிறார். அதற்காக இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம்தான். நீ இதைப் படித்துவிட்டு என்னை வெறுத்தால், எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். கல்லாற்று வேலையை என்னிடம் கேட்காமல் ஒப்புக்கொண்டாய். நான் கத்தினேன். "பெரியப்பா செத்த எடம்னு பயந்தா திருவனந்தபுரத்துல எந்த ரோட்டுலயும் நடக்க முடியாது" என்றாய். ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். பூஜைவைப்புக்கு முந்தின நாள் மாலை ஷெட்டுக்கு வந்தேன். நீ இடது பெல்ட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாய். கையில் பழந்துணி. வாளியில் டீசல். பதின்மூன்று வயதில் பார்த்ததை அப்படியே நினைவு வைத்திருக்கிறாய். தலையைத் தூக்காமலே, "பெரியப்பா இப்படித்தான் செய்வாங்க, இல்லியா?" என்று கேட்டாய். ஒரு வாரத்துக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. சமாதானத்துக்குத்தான் கேட்டாய், எனக்குத் தெரிந்தது. நான் "ம்" என்றேன். திரும்பி நடந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்காதே. பதினொரு வருடம் அந்த ஒரு வார்த்தையைச் சுமந்தவன், மறுபடி அந்த இடம் வந்ததும் அதையே செய்தான். நீ பெரியப்பாவைத்தான் சொன்னாய், என்னைச் சொல்லவில்லை என்கிற எரிச்சல். அவ்வளவு சின்னக் காரணம். அதன் பிறகு மினி மூன்று நாள் பூஜையில் ஊறியது. நீ விஜயதசமியன்று அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போனாய்.

ஒரு தடவை தேய்த்த டீசலில் பெல்ட் செத்துவிடாது. ஒரு கட்டை பிய்ந்து போகாது. கெமிஸ்ட்ரி அப்படித்தான் சொல்கிறது. அப்படியானால் போட்டோவில் ஏன் ஒரு படி இல்லை? மழையில் மண் சரிந்து மூடியிருக்கலாம். கல்லாற்றுப் பாறை உன் பெல்ட்டையும் கடித்திருக்கலாம். வேறு ஒன்றாகவும் இருக்கலாம். நான் இங்கே உட்கார்ந்து யோசிப்பதால் ஒன்றும் தெரியாது.

இதுதான் காரணம். அம்மா உன் பக்கத்தில் நிற்பாள், அவளுக்கு இதைப் படித்துக் காட்டு, இனி மறைக்க ஒன்றும் இல்லை. பிறகு மினியை ஸ்டார்ட் செய்யாமல் இடது பெல்ட்டுக்கு முன்னால் குந்து. சுண்ணாம்பால் ஒரு கட்டையில் குறி போட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணு. அடியில் இருப்பவற்றுக்குக் கையை விட்டுத் தடவிப் பார். ஒரு கட்டை இல்லையென்றால் அந்த வண்டியைச் சரிவில் ஏற்றாதே, லாரி வரவழைத்து ஏற்றிக்கொண்டு வா. இங்கே சோப்புத் தண்ணீர் விட்டு நானே கழுவுகிறேன்.

எல்லாக் கட்டையும் இருந்தால், மக்களே, போட்டோவில் விழுந்த தடம் மினியுடையது இல்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உடனே இறங்கிவிடு. லாரிக்குக் காத்திருக்காதே. போவதற்கு முன்னால், உனக்கு முடிந்தால், ஆற்றைப் பார்த்து ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்: "டீசல் போடாதீங்க பெரியப்பா, ரப்பர் கெட்டுப்போகும்." நான் ஷெட்டில் தனியாக நின்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். என் பேச்சை அவர் எப்போதுமே கேட்டதில்லை. நீ சொன்னால் கேட்பார்.

அப்பா